காற்று மாறும் நேரம்

மூன்றாம் கேட்டில் என் வேலை
தீப்பெட்டி வாங்கி வைப்பது.
பீடி, லைட்டர், செல்போன்,
எல்லாம் எண் போட்ட மரப்பெட்டிக்குள்.
ஒருமுறை பழனிக்கு மாலை போட்டிருந்த டிரைவர்
கற்பூரத்தைத் தர மாட்டேன் என்றார்.
அரைமணி நேரம் நின்றது டேங்கர்.
சாமிக்கும் சேர்த்து டோக்கன் கொடுத்தேன்.

பெயர், வண்டி எண், நேரம், கையெழுத்து:
உள்ளே வரும் ஒவ்வொன்றுக்கும்
என் ரிஜிஸ்தரில் ஒரு கட்டம்.
சுவர் தாண்டி வெளியே போவதற்குக்
கட்டம் போடவில்லை யாரும்.

சுவருக்கு அந்தப் பக்கம்தான்
என் வீடு.
எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால்
முதலில் கம்பெனி, பிறகு நாங்கள்,
பிறகு கருங்கல் கொட்டிய கரை,
அதற்கப்புறம் கடல்.

வருடத்துக்கு ஒரு நாள் ஒத்திகை.
எப்போதும் மாலை மூன்று மணிக்கு,
அதிகாரிகள் சாப்பிட்டு முடித்த பிறகு.
சைரன் ஊதும். நாய்கள் சேர்ந்து ஊளையிடும்.
மஞ்சள் சட்டைக்காரர் ஒலிபெருக்கியில் சொல்வார்:
ஈரத்துணியால் மூக்கைப் பொத்துங்கள்
கடற்கரைக்கு வாருங்கள்.
வருவோம்.
பிஸ்கட் பாக்கெட்டும் தொப்பியும் வாங்கி
போட்டோவில் நின்று
திரும்புவோம்.

மூன்று மணிக்கு அவர் சொல்வது சரி.
அப்போது காற்று கடலிலிருந்து வருகிறது.
கம்பெனி உச்சியில் கட்டிய ஆரஞ்சுப் பை
மணலிப் பக்கம் தும்பிக்கை நீட்டுகிறது.

இரவுப் பணியில் எட்டு வருடம்
அண்ணாந்து அண்ணாந்து
அந்தப் பையை நான் பார்த்திருக்கிறேன்.
பதினொன்றுக்கு மேல் அது தொங்கிப்போகும்.
ஒன்றரை மணிக்கு
மெல்லத் திரும்பி
என் வீட்டைக் காட்டும்.

அந்நேரம் கரைக்கு ஓடினால்
அமோனியாவும் கூடவே வரும்,
எங்களைவிட வேகமாக.
முன்னால் கடல்.

சூப்பர்வைசரிடம் சொன்னேன்.
"நல்ல பாயிண்ட்" என்றார்.
எழுதிக்கொள்ளவில்லை.

ரிஜிஸ்தரின் கடைசிப் பக்கத்தில்
நானே கட்டம் போட்டேன்:
தேசப்பன், மூச்சிழுப்பு, மாடிவீடு.
மஸ்தான் பீ, சக்கர நாற்காலி.
ஜெசிந்தாவின் மகன், காது கேளாது,
தொட்டுத்தான் எழுப்ப வேண்டும்.
டில்லிராணி, இரட்டைக் குழந்தை, கணவன் கப்பலில்.
தெற்கே இருக்கும் மாநகராட்சிப் பள்ளி,
இரவில் பூட்டு,
சாவி மீஞ்சூரில் தூங்குகிறது.

டோல்கேட் சாவிக்காரரிடம்
எண்பது ரூபாய்க்கு ஒரு நகல்.
வாட்ச்மேன் தெரிந்தும்
தெரியாத மாதிரி டீ குடித்தார்.

எனக்கு விடுப்பான ஒரு வியாழன் இரவு,
இரண்டு பத்துக்கு,
மூக்கில் ஊசி.
சைரன் இல்லை.
கன்ட்ரோல் ரூம் போன் அடித்துக்கொண்டே இருந்தது.
வெளியே வந்து டார்ச் அடித்தேன்:
பை எங்களைத்தான் காட்டியது.

விசிலை எடுத்து ஊதினேன்.
லாரியை நிறுத்தும் விசில் அது,
தெருவை நகர்த்தியது.
கரைக்குப் போகாதே, தெற்கே, தெற்கே,
காற்றுக்குக் குறுக்கே நட!
நனைத்த துண்டுகள், நனைத்த முந்தானைகள்,
ஒருவர் அவசரத்தில் மீன் கழுவிய தண்ணீரில் நனைத்துவிட்டார்,
பள்ளி வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார்.
மஸ்தான் பீயின் நாற்காலி
பாதாளச் சாக்கடை மூடியில் மாட்டிக்கொண்டது.
நான்கு பையன்கள் அப்படியே தூக்கினார்கள்.

நாலு மணிக்கு ஜீப் வந்தது.
கழிவுநீர்த் தொட்டி மூடி விலகியிருந்ததாம்.
வேறொன்றும் இல்லையாம்.

"ஒரு ராத்திரி தூக்கம் போச்சு"
என்றாள் டில்லிராணி,
இடுப்புக்கு ஒரு பிள்ளையாக நின்று.
தேசப்பன் என்னிடம் பேசவில்லை.
காலையில் சூப்பர்வைசர் கேட்டார்:
"யாரைக் கேட்டு ஒத்திகை நடத்தின?"

பதில் சொல்லாமல்
கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.
மொத்தம் பதினேழு நிமிடம்.
அதில் ஆறு, அந்தச் சாக்கடை மூடியில்.

சாயங்காலம் டில்லிராணி
கேட்டருகே வந்து நின்றாள்,
தீப்பெட்டி எதுவும் இல்லை என்று
கையை விரித்துக் காட்டி.
"யக்கா, அடுத்த வாட்டி
ஒரு புள்ளைய நீ தூக்கிக்கிறியா?"

எழுதிக்கொண்டேன்.

மூடிக்கு மேல் போட ஒரு பலகை பார்க்க வேண்டும்.
சக்கரத்துக்கு எண்ணெய்.